சர்வதேசத்துக்கு எழுதும் பேராசிரியர்கள்

ஈழத்தமிழரின் பேச்சில் 'சர்வதேசம்' என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு. சர்வதேசம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். சர்வதேசம் தலையிடும் என்றார்கள். 2009 மே மாதத்துக்குப் பிறகும் ஜெனீவாவை நோக்கி அதே சொல்லைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அந்தச் சர்வதேசத்தைப் பற்றி எழுதுவதற்கு வேறு பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது எங்கள் பல்கலைக்கழகங்களுக்குள் குடிபுகுந்துவிட்ட இன்னொரு சர்வதேசத்தைப் பற்றி. 'சர்வதேச சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை' என்ற தொடரைத்தான் சொல்கிறேன். ஒரு விரிவுரையாளர் எப்போது பேராசிரியராவார், கொடுப்பனவு எவ்வளவு, மேடையில் யாருக்கு மாலை என்பதையெல்லாம் இன்று அநேகமாக இந்தத் தொடரே தீர்மானிக்கிறது.

முறை மிக எளியது. ஆக்கம் ஒன்றுக்கு இத்தனை புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் பதவி உயர்வு. இலங்கையில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பவர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் புள்ளித்திட்டத்தை எடுத்துவைத்துத் தன் வாழ்நாளைக் கூட்டிப் பார்க்கவேண்டும். 2010களில் ஆராய்ச்சிக் கொடுப்பனவு என்று அடிப்படைச் சம்பளத்தின் 35 வீதம்வரை வழங்கும் ஏற்பாடும் வந்து சேர்ந்தது. விஞ்ஞானத்துறையினருக்கு ஜனாதிபதி விருது இருக்கிறது. அமெரிக்காவில் தொடங்கிய ஒரு மேற்கோள் சுட்டியில் இடம்பெற்ற சஞ்சிகையில் கட்டுரை வந்திருந்தால்தான் அந்த விருது. ஒரு நாட்டின் ஜனாதிபதி யாருக்கு விருது கொடுக்கலாம் என்பதை இன்னொரு நாட்டுக் கொம்பனியின் பட்டியல் சொல்கிறது. இதில் யாருக்கும் வெட்கமில்லை.

இந்தியாவில் இந்தக் கணக்கு இன்னும் பச்சையாக எழுதிவைக்கப்பட்டது. அங்குள்ள மானியக் குழு 2010 இல் கொண்டுவந்த விதிகளின்படி, சர்வதேசப் பதிப்பகம் வெளியிட்ட நூலைத் தனியொருவராக எழுதியவருக்கு 50 புள்ளி. தேசிய மட்டப் பதிப்பகமென்றால் 25. 'உள்ளூர்ப் பதிப்பகம்' என்றால் 15. நடுவர் பார்வையிட்ட சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரைக்கும் அதே 15. அதாவது, பத்து வருடம் ஓலைச்சுவடிகளோடு கிடந்து ஒருவர் எழுதிய முந்நூறு பக்கத் தமிழ் நூலை உள்ளூர்ப் பதிப்பகம் ஒன்று அச்சிட்டால் அதன் பெறுமதி எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றின் பெறுமதிக்குச் சமம். 2018 இல் எண்களைத் திருத்தி இடைவெளியைக் குறைத்தார்கள். ஆனாலும் மேல்படியில் வெளிநாட்டுப் பதிப்பகந்தான்.

இந்தத் தராசில் பழைய ஆட்கள் சிலரை ஏற்றிப் பார்ப்போமே. கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் செய்த ஆய்வு, தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக 1968 இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்தது. அதே 1968 இல் அவருடைய 'தமிழ் நாவல் இலக்கியம்' தமிழில் வந்தது. முதலாவதுக்கு 50, இரண்டாவதுக்கு 15. ஒக்ஸ்போர்ட் நூலின் தகுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிரேக்கக் காவியங்களோடு எங்கள் சங்கப் பாடல்களை ஒரே மேசையில் வைத்துப் பேசிய நூல் அது. ஆனால் தமிழில் ஒரு தலைமுறையின் வாசிப்பை உலுப்பியது எது? 'தமிழ் நாவல் இலக்கியம்' வந்தபிறகு வெங்கட் சாமிநாதன் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அதற்கு நுஃமான் நீண்ட மறுப்பு எழுதினார். ஈழத்திலும் தமிழகத்திலும் எத்தனையோ பேர் அந்தச் சண்டையைப் படித்துத்தான் நாவலை எப்படி வாசிப்பதென்று யோசிக்கத் தொடங்கினார்கள். எல்லாம் சிற்றிதழ்களின் பக்கங்களில் நடந்தது. இரகசிய நடுவர் இருவர் மூடிய உறைக்குள் அனுப்பும் அபிப்பிராயத்தைவிடப் பொல்லாத பரிசோதனை அது. பெயர் போட்டு, எல்லாரும் பார்க்க, பதிலுக்குப் பதில். இன்றைய கணக்கில் அந்த விவாதத்தில் பங்குபற்றிய ஒருவருக்கும் அரைப் புள்ளிகூடக் கிடைக்காது.

ஆனாலும் இந்தப் புள்ளிமுறை வெறும் வெள்ளைக்காரச் சதி என்று சொல்லிவிட்டுப் போவது சுகமான வேலை. அதை நான் செய்யப் போவதில்லை. இந்த முறை வந்ததற்குக் காரணம் இருந்தது. பீடாதிபதியின் மருமகன், அமைச்சரின் ஊரவர், பேராசிரியருக்குப் பை தூக்கியவர் என்று நியமனங்கள் நடந்த இடங்களில், 'ஆளைப் பார்க்காதே, எண்ணைப் பார்' என்ற பேச்சு நியாயமாகத்தான் ஒலித்தது. நான் வாழும் இத்தாலி இதற்கு நல்ல உதாரணம். இங்கே செல்வாக்குள்ள பேராசிரியர்களைப் 'பரோனி' என்பார்கள். சிற்றரசர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தேர்வுக்குழுவில் அவர்கள் இருந்தால் முடிவு விளம்பரத்துக்கு முன்பே தெரிந்துவிடும் என்பது ஊர்ப்பேச்சு. 2019 ஜூனில் சிசிலியிலேயே, கத்தானியா பல்கலைக்கழகத்து ரெக்டரையும் பல பேராசிரியர்களையும் நியமனத் தேர்வுகள் தொடர்பான விசாரணையில் நீதிமன்றம் பதவியிலிருந்து இடைநிறுத்தியது. அந்த வழக்குகளின் முடிவுகள் ஒருபுறமிருக்க, இப்படியான சந்தேகம் இங்கே புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பரோன்களை அடக்குவதற்கென்றுதான் 2010 டிசம்பரில் 240ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பேராசிரியராக விரும்புபவர் முதலில் தேசியத் தகுதி பெறவேண்டும். 2012 இல் நடந்த முதற்சுற்றில், விஞ்ஞானத் துறைகளில் கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, இரண்டையும் கலந்த ஒரு குறியெண் என்று மூன்று அளவுகோல்கள். கலைத் துறைகளுக்குச் சஞ்சிகைகளைப் பிரித்து 'ஏ வகுப்பு' என்று ஒரு மேல்சாதி உண்டாக்கினார்கள். சாதியென்றால் எங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

நடந்ததென்ன? முதலில் சிரிப்பு. ஆய்வுச் சஞ்சிகைகள் என்று மதிப்பீட்டு நிறுவனம் அங்கீகரித்த பட்டியலில் பன்றி வளர்ப்போருக்கான ஒரு சஞ்சிகையும், உல்லாசப் படகுச் சஞ்சிகை ஒன்றும், பாதோவா நகரத்து நாளிதழும் இருந்தன. 2012 இல் இத்தாலியப் பத்திரிகைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தன. பிறகு சிரிக்க முடியாதது ஒன்று வந்தது. 2019 இல் அல்பெர்தோ பச்சீனியும் இரண்டு சக ஆய்வாளர்களும் 'ஜி-10' எனப்படும் பணக்கார நாடுகளின் மேற்கோள்களை 2000 முதல் 2016 வரை ஒப்பிட்டார்கள். ஒரு நாட்டு ஆய்வாளருக்குக் கிடைக்கும் மேற்கோள்களில் எத்தனை பங்கு அந்த நாட்டுக்காரரிடமிருந்தே வருகிறது என்பதுதான் கேள்வி. புதிய விதிகள் வந்த காலத்துக்குப் பிறகு இத்தாலியின் கோடு மற்ற நாடுகளின் போக்கிலிருந்து விலகி மேலேறுகிறது. தன்னைத் தானே மேற்கோள் காட்டுவதும், நீ என்னைக் காட்டு நான் உன்னைக் காட்டுகிறேன் என்ற கூட்டுகளுமே இதற்கு மிகவும் பொருந்தும் விளக்கம் என்று அவர்கள் எழுதினார்கள். பரோன் போகவில்லை. கணக்குப் படித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் நடந்தது இதைவிடக் கேவலம். சர்வதேசச் சஞ்சிகை வேண்டும் என்று சட்டம் போட்டால், சர்வதேசச் சஞ்சிகையை அச்சடித்துக் கொடுக்கவும் ஆள் வருவான். ஒரு அறை, ஒரு கொம்பியூட்டர், தலைப்பில் 'இன்டர்நஷனல் ஜேர்னல்' என்ற இரண்டு சொல். காசு கட்டினால் ஒரு கிழமையில் கட்டுரை வெளிவரும். இப்படியான கள்ளச் சஞ்சிகைகள் 2014 இல் மட்டும் உலகமெங்கும் ஏறத்தாழ 4,20,000 கட்டுரைகளை வெளியிட்டன என்று பின்லாந்து ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். வெளியிட்டவர்களிலும் எழுதியவர்களிலும் பெரும்பங்கு இந்தியாவில். மானியக் குழு 2017 இல் அங்கீகரித்த பட்டியலுக்குள்ளேயே இவை புகுந்துகொண்டன. 2018 மே மாதம் 4,305 சஞ்சிகைகளை ஒரே தடவையில் வெட்டினார்கள். பிறகு 'கேர்' என்ற பெயரில் புதுப் பட்டியல் போட்டார்கள். 2025 பெப்ரவரியில் அந்தப் பட்டியலையும் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். சென்னையிலுள்ள ஒரு பல்மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்களை நாலு மணித்தியாலப் பரீட்சையில் இருத்தி ஆய்வுக்கட்டுரை எழுதவைக்கிறார்கள் என்று 2023 இல் 'சயன்ஸ்' சஞ்சிகை எழுதியது. வாத்தியாருக்குப் புள்ளி வேண்டியிருக்க, பெடியள் பரீட்சை எழுதுகிறார்கள்.

கள்ளச் சஞ்சிகைகளைத் திட்டுவது எல்லாரும் செய்வது. எனக்கு அவற்றைவிட நல்ல சஞ்சிகைகளைப் பற்றித்தான் கவலை. உண்மையான நடுவர், உண்மையான பதிப்பகம், உண்மையான உழைப்பு எல்லாம் இருந்தும் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

நான் இருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோ, பலேர்மோ நகரத்தின் வடமேற்கு ஓரத்தில், காப்போ கால்லோ மலையின் அடியிலுள்ள பழைய மீன்பிடிக் கிராமம். பலேர்மோத் தமிழர் ஆய்வாளர்களுக்குப் பிடித்தமான பொருள். பெரும்பாலோர் வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் செய்கிறோம். கோயில் வைத்திருக்கிறோம். சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல் மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியாவிடம் நடந்து போகிறோம். ஒரு ஆய்வுக்கு இதைவிட என்ன வேண்டும்? சில வருடங்களுக்கு முன் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். நல்ல பிள்ளை. ஒரு ஞாயிறு முழுவதும் இருந்து, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு, எல்லாவற்றையும் ரெலிபோனில் பதிந்துகொண்டு போனார். இரண்டு வருடத்தில் கட்டுரை ஆங்கிலத்தில் ஒரு பெயர்பெற்ற சஞ்சிகையில் வந்தது. வாசிப்பதென்றால் இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு நாற்பது யூரோவுக்கு மேல். என் மனைவி ஐந்தாறு மணித்தியாலம் பிறர் வீடு துடைத்தால் வருகிற காசு. கடைசியில் மகளின் சிநேகிதி ஒருத்தி பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து எடுத்துத் தந்தாள்.

அதில் எங்கள் வீடு 'இந்துக் குடும்பம்' ஆகியிருந்தது. சாந்தா ரொசாலியாவை நாங்கள் அம்மனாகப் பார்க்கிறோமாம். அந்த அடித்தளத்தில் நாலு பக்கம் கோட்பாடு. நாங்கள் பாசையூர் ஆட்கள். தலைமுறை தலைமுறையாக அந்தோனியார் கோயில் ஆட்கள். அந்தோனியார் படத்துக்கு நேர்கீழே இருந்துதான் அந்தப் பிள்ளை தேத்தண்ணி குடித்தார். மலையேறும் தமிழரில் ரொசாலியாவை அம்மனாகக் காண்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. அவர்களிடம் கேட்டு எழுதியிருக்கலாம்.

இதை அவருடைய கவலையீனம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. அந்தக் கட்டுரையை நடுவர்கள் பார்த்திருப்பார்கள். கோட்பாட்டில் ஓட்டையிருந்தால் பிடித்திருப்பார்கள். பாசையூர் எங்கே, அங்கே யார் எந்தக் கோயிலுக்குப் போவார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் நாங்கள். இந்த விடயத்தில் உண்மையான நடுவர்கள், சீமெந்துத் தரையில் சம்மணமிட்டு அவருக்குப் பதில் சொன்னவர்கள்தான். அவர்கள் வாசிக்கமுடியாத மொழியில், அவர்கள் வாங்கமுடியாத விலையில் கட்டுரை போனபோதே அதன் பிழை பாதுகாக்கப்பட்டுவிட்டது. இத்தாலியத்திலோ தமிழிலோ வந்திருந்தால் மறுநாளே கோயில் வாசலில் வைத்து யாராவது சொல்லியிருப்பார்கள். ஜுசெப்பே பூர்ஜோ 2007 இல் இத்தாலித் தமிழரைப் பற்றி ஒரு முழு நூலை இத்தாலிய மொழியில் எழுதினார். அதோடு உடன்படலாம், விடலாம். இங்கே பள்ளிக்கூடம் போன எங்கள் பிள்ளைகள் அதை எடுத்து வாசித்துத் தங்கள் தாய்தகப்பனோடு சண்டைபிடிக்கலாம். அது ஒரு நூலுக்குச் சின்னக் காரியமல்ல.

இந்த நகரத்துக்கு இதில் ஒரு முன்மாதிரியும் உண்டு. ஜுசெப்பே பித்ரே என்ற பலேர்மோ வைத்தியர், நோயாளிகளைப் பார்க்கப் போன வழியில் கிழவிகளிடம் கதை கேட்டு, சிசிலிய மொழியிலேயே எழுதிவைத்து, நாட்டார் வழக்காற்றுத் தொகுதிகள் இருபத்தைந்து வெளியிட்டார். 1882 இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து பலேர்மோவிலிருந்தே நாட்டார் வழக்காறுகளுக்கென்று ஒரு சஞ்சிகை தொடங்கினார். அதற்குப் பிறநாட்டு அறிஞர்கள் எழுதினார்கள். சர்வதேசம் பலேர்மோவைத் தேடி வந்தது, கிழவிகளின் பேச்சு அவர்கள் பேசியபடியே இருந்ததனால். பல்கலைக்கழகம் அவருக்குக் கதிரை கொடுத்தது 1911 இல், எழுபது வயதை நெருங்கியபோது. புள்ளித்திட்டம் இல்லாத காலத்திலும் பல்கலைக்கழகங்கள் சுறுசுறுப்பாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்களிலும் அப்படி ஒருவர் இருந்தார். தனிநாயகம் அடிகள் ரோமாபுரியில் படித்து 1938 இல் அங்கேயே குருப்பட்டம் பெற்றவர். 1952 இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1964 இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். வத்திக்கான் நூலகத்திலிருந்த புரோவென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966 இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் எழுதுவதே பாவம் என்று நான் சொல்வதாக யாராவது எடுத்துக்கொண்டால் அதற்கு அடிகளாரே பதில். அவர் ஆங்கிலத்தில் எழுதியது தமிழை அறியாதவருக்குத் தமிழைச் சொல்வதற்கு. தமிழருக்குச் சொல்லவேண்டியதை 'ஒன்றே உலகம்' என்று தமிழில் எழுதினார். எந்த மொழியென்பதை வாசகர் யாரென்பது தீர்மானித்தது. இன்று அதைத் தீர்மானிப்பது பதவி உயர்வுப் படிவம்.

இரண்டையும் செய்யும் ஆட்கள் இன்றும் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதினார். 2007 இல் வடபகுதியின் கூட்டு மனவடுவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சர்வதேசச் சஞ்சிகையில் எழுதினார். யாரும் காசில்லாமல் வாசிக்கக்கூடிய சஞ்சிகை அது. உலகம் அறியவேண்டியது உலகத்துக்கு, பக்கத்து வீட்டுத் தாய் அறியவேண்டியது அவளுக்கு. ஆனால் இப்படிச் செய்பவர் தன் சொந்த நேரத்தைக் கொடுத்துத்தான் இரண்டாவதைச் செய்யவேண்டியிருக்கிறது. பிள்ளைகுட்டிக்காரரான ஒரு இளம் விரிவுரையாளரிடம், புள்ளி தராத தமிழ்க் கட்டுரைக்கு மூன்று மாதம் செலவழி என்று நாங்கள் எந்த முகத்தோடு கேட்பது?

மொழியைக் காப்பாற்ற வழக்குப் போட்ட பேராசிரியர்களும் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். 2012 இல் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் மேற்பட்டப் படிப்பு முழுவதையும் ஆங்கிலத்துக்கு மாற்ற முடிவெடுத்தபோது, அங்கே படிப்பித்த நூறு பேரளவில் நீதிமன்றம் போனார்கள். 2017 இல் அரசியலமைப்பு நீதிமன்றம், ஆங்கிலம் இருக்கலாம், இத்தாலிய மொழியை வெளியே தள்ள முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் தமிழ்த்துறைகளில் கல்வெட்டும் கூத்தும் நாட்டார் பாடலும் ஆராய்பவர்கள் ஆங்கிலச் சஞ்சிகைக்காக மண்டையை உடைக்கிறார்கள். இதற்கு எதிராக எந்தப் பேராசிரியரும் வழக்குப் போட்டதாக எனக்குத் தெரியாது. அமைச்சரை வரவேற்கப் போவதற்கு நேரம் இருக்கிறது.

சீனா தன் ஆய்வாளருக்கு 'நேச்சர்', 'சயன்ஸ்' கட்டுரை ஒன்றுக்குப் பல்லாயிரம் டொலர் கொடுத்துப் பழக்கிவிட்டு, 2020 இல் அந்தக் காசுப் பரிசை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. சொந்த மொழிகளில் ஆய்வை வெளியிடுவதை மதிக்கவேண்டும் என்று 2019 இல் ஹெல்சிங்கியில் ஒரு பிரகடனம் வந்தது. உலகம் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய இடத்தை நோக்கி எங்கள் ஆட்கள் இப்போதுதான் மூச்சிரைக்க ஓடுகிறார்கள்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பாவில் வந்த சிற்றிதழ்களை நினைத்துப் பாருங்கள். ஜேர்மனியில் தூண்டில், நோர்வேயில் சுவடுகள், சுவிஸில் மனிதம், பாரிஸில் ஓசையும் எக்ஸிலும். வேலை முடிந்து வந்து இரவில் தட்டெழுதி, பொட்டலம் கட்டித் தபாலில் போட்டவர்கள் நடத்தினார்கள். சாதியும் பெண்நிலைவாதமும் இயக்கங்களின் கொலைகளும் பல்கலைக்கழகங்கள் வாய்திறக்காத நாட்களில் அவற்றில்தான் பேசப்பட்டன. இன்று புலம்பெயர் இலக்கியம் பற்றிப் பட்டம் பெறுபவர்கள் 'நூலகம்' இணையத்தில் அந்த இதழ்களைத்தான் தேடி வாசிக்கிறார்கள். அடிக்குறிப்பில் அவை வரும். அவற்றில் எழுதினால் புள்ளி வராது.

ஆகவே பேராசிரியர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும் கேட்பது அதிகமில்லை. ஆங்கிலத்தில் போடவேண்டியதைப் போடுங்கள், சம்பளத்தை யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் ஆளைக் கண்டு பேசி எழுதிய கட்டுரையென்றால், அதைத் தமிழில் எட்டுப் பக்கத்துக்குச் சுருக்கி, பேசியவர்களுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, இன்னொன்றை இங்கே அனுப்பிவையுங்கள். இந்தச் சஞ்சிகையில் போடுவார்கள். புள்ளி கிடைக்காது. அடுத்த இதழிலேயே யாராவது மறுத்து எழுதுவார்கள். பாசையூரைப் பற்றியதென்றால் நானே எழுதுவேன்.